சீசன் குரல்

என் அண்ணனுக்கு இனிமையான குரல் ஆகாது. தென்காசியில் எங்கள் தெரு முழுவதும் ஒரே ஒரு பாடகியின் குரலில் சொக்கிக் கிடந்த எழுபதுகளில், அவன் மட்டும் அந்தக் குரல் வந்தால் ரேடியோவின் காதைத் திருகி அணைத்துவிடுவான். "சக்கரைப் பாகு. நாக்குல ஒட்டுது, நெஞ்சுக்கு எறங்கமாட்டேங்கு" என்பான். ஆய்க்குடிப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. வயலை யாரோ உழுதார்கள், யாரோ அறுத்தார்கள். அண்ணன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான். அதைத் தவிர வேறு வேலை எதையும் அவன் செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வேலையை அவனைப்போல் செய்தவர்களையும் பார்த்ததில்லை.

அவன் தேடியதெல்லாம் தோற்றவர்களை. இரண்டு படம் பாடிவிட்டு அடுத்த படத்துக்குக் கூப்பிடப்படாதவர்கள். இசைத்தட்டின் பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். கதாநாயகி வாயசைக்காத பாட்டுகள் அவர்களுக்குத்தான் கிடைக்கும். வில்லன் வீட்டில் கோப்பையோடு ஆடுகிறவளின் பாட்டு, திரையின் ஓரமாக நடந்துபோகிற பிச்சைக்காரனின் பாட்டு, டிக்கெட் வாங்கியவர்கள் எழுந்து சோடா குடிக்கப் போகிற நேரத்தில் வருகிற பாட்டு. தியேட்டரில் எல்லோரும் எழுந்து போன பிறகு அண்ணன் நிமிர்ந்து உட்காருவான்.

அவர்களிலும் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே ஒரு தட்டு அவனிடம் இருந்தது. பித்தளைச் செம்பில் ஆற்று மணலைப் போட்டு ஆட்டியதுபோன்ற குரல். மேலே ஏறும்போது தடுக்கும். விழப்போகிறாள் என்று நமக்குப் பதறும். விழாமல் அந்தத் தடுக்கிய இடத்திலேயே ஒரு நொடி உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பாள். சிலோனிலிருந்து எப்போதாவது அவள் பாட்டு வரும். மலையடிவாரத்தில் அலை சரியாகப் பிடிக்காது. இரைச்சலுக்குள்ளிருந்து அவள் இன்னொரு இரைச்சலாக எழுந்து வருவாள். அண்ணன் ரேடியோப் பெட்டியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பான், காய்ச்சல் பார்க்கிறவன்போல.

"அந்த அம்மா இப்ப எங்கன இருக்காவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? செத்திருப்பா."

அவன் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இல்லை. நிம்மதிதான் இருந்தது. உயிரோடிருந்து நாலு பட்டம் வாங்கி, நாலு பேர் மாலை போட்டிருந்தால் அவள் ஊருக்குச் சொந்தமாகியிருப்பாள். யாரும் கேட்காமல் போனதால் அவனுக்கு மட்டும் சொந்தம். கவனிக்கப்படாத பாடகர்களைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களை இன்றைக்கும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன். அந்த உருக்கத்துக்குள்ளே ஒரு பிச்சுவாக்கத்தி இருக்கிறது.

அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது ஒரே நிபந்தனைதான் வைத்தான். "பாடத் தெரியணும். ஆனா இனிச்சுக்கிட்டுப் பாடக் கூடாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவனுக்குப் பொண்ணு எதுக்கு? ஒரு ஓட்ட ரேடியோவப் பாத்துக் கெட்டி வைங்க."

எங்கள் பக்கத்தில் அருவி விழுகிற சீசன் நேரத்தில் பெண் பார்ப்பதற்கு ஒரு வசதி உண்டு. பெண்வீட்டார் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் குளிக்க வருவார்கள். வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோல் ஒரு வாய் காப்பி குடிப்பார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் அருவிக்கு வந்தோம், குளித்தோம், போனோம். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அப்படித்தான் ஆனி மாதச் சாரலில் புளியங்குடிக்காரர்கள் வந்து தங்கினார்கள். பெண்ணின் அப்பாவுக்கு எலுமிச்சம்பழ கமிஷன் கடை. பெண் அதுவரை குற்றாலத்துக்குக் காலையில் வந்து மாலையில் திரும்பியதுதானாம்; தங்கியதில்லை. வந்த நிமிஷத்திலிருந்து தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், திரும்பவும் பேரருவி. நாங்கள் போனபோது மூக்கும் கண்ணும் சிவந்து, ஈரத்தலையோடு, காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்படி ஒரு சந்தோஷத்தோடு நின்ற பெண்ணை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அது எங்களைப் பார்த்து வந்த சந்தோஷம் இல்லை. அருவியின் மிச்சம்.

"பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றாள் அம்மா.

பெண்ணின் அம்மா கையைப் பிசைந்தாள். "பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு அக்கா. இன்னொரு நாளு பாடட்டும்."

அம்மா சிரித்தாள். "எந்தப் பொண்ணுக்குத்தான் இன்னைக்குத் தொண்டை கட்டல? என்னைப் பாக்க வந்த அன்னைக்கு எனக்குந்தான் கட்டியிருந்துச்சு. சும்மா பாடச் சொல்லுங்க."

எல்லாப் பெண்வீட்டாரும் அதைத்தான் சொல்வார்கள். வீடு சின்னது, காப்பியில் சீனி கம்மி, பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு. இவையெல்லாம் சொல்லியே ஆகவேண்டிய அடக்கப் பேச்சு. இவற்றை நம்புகிறவன் முட்டாள். அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னது சத்தியம். அதை நம்புவதற்கு அந்த அறையில் ஒரு முட்டாள் இல்லாமல் போனான்.

அவள் பாடினாள். ஏதோ ஒரு முருகன் பாட்டு. தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. முதல் வரியிலேயே அண்ணன் கையில் எடுத்த நேந்திரம் சிப்ஸ் வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. மணல். செம்புக்குள் மணல். மேலே ஏறும்போது தடுக்கியது, தடுக்கிய இடத்தில் உட்கார்ந்தது, எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு முடிந்து அவள் தும்மினாள். அண்ணன் கண் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது, "இவதான்" என்றான்.

"மொகத்தப் பாத்தியாலே?" என்றாள் அம்மா.

"இல்ல."

"மூக்கு செவந்திருந்துச்சே. எவனையாவது நெனச்சு அழுதிருப்பாளோ?"

"அழட்டும்" என்றான்.

ஆவணியில் கல்யாணம். அண்ணன் பெண்டாட்டியாக வந்தவள் எனக்கு மைனி ஆனாள். அதற்குள் சாரல் போயிருந்தது. வெயில் வந்திருந்தது. மைனியின் சளியும் போயிருந்தது. வீட்டுக்கு வந்த புதிதில் பாடுவதற்கு அவளுக்குக் கூச்சம், அண்ணனும் வற்புறுத்தவில்லை. தீபாவளிப் பட்சணத்தை முந்தினநாளே தின்னாமல் எடுத்துவைப்பதுபோலக் காத்திருந்தான். ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டே அவளாகவே பாடினாள். மெல்லிசான, தெளிந்த குரல். கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கிற காசு தெரியுமே, அப்படி. குளித்துக்கொண்டிருந்த அண்ணன் சொட்டச் சொட்ட அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"யாரு பாடுனது?"

"நாந்தான்."

"ஏட்டி, வெளையாடாத. ஒன் கொரல்ல பாடு."

"இதுதான் எங்கொரலு."

"அன்னைக்குக் குத்தாலத்துல பாடுனது?"

"அது சளியில்லா? அம்மாதான் சொன்னாவளே, தொண்டை கட்டியிருக்குன்னு."

அம்மா சிரித்தாள். உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. மார்கழியில் கோயிலுக்குப் போனபோது, இடி விழுந்து பிளந்து நின்ற கோபுரத்தின் அடியில், எப்போதும் அடிக்கிற காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் மைனியைப் பார்த்துக் கேட்டார்கள். "என்னளா, சளி சரியாயிட்டாமே? அய்யோ பாவம்!"

அண்ணன் பேச்சை நிறுத்தினான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தான், படுக்கும்போது சுவரைப் பார்த்தான். எலுமிச்சம்பழத்துக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அவன் முகம் அவள் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அந்தக் குரல் திரும்பி வர வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மைனிக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது. சளி பிடிக்கட்டும் என்று முதலில் ஐஸை வாங்கிவரச் சொன்னது அண்ணன் இல்லை, அவள்தான். சோடாக் கடையிலிருந்து மரத்தூளோடு வந்த கட்டியைக் கழுவி, உடைத்து, வாய்க்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் நிற்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாப்போம். வந்தா வருது."

வரவில்லை. புளியங்குடி ரத்தம் வெயிலில் காய்ந்தது. ஐஸுக்கு அசையவில்லை. தயிர், பழைய சோற்றுத் தண்ணீர், அவள் அப்பா அனுப்பிய எலுமிச்சம்பழத்தையே ஐஸ் தண்ணீரில் பிழிந்து வெறும் வயிற்றில். குரல் இன்னும் துலங்கியதே தவிர கெடவில்லை. அண்ணன் அவளைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுபோல.

மத்தியானங்களில் எனக்குப் பேன் பார்ப்பாள். பின்னலை அவிழ்த்து என் தலையை மடியில் கவிழ்த்துப் போட்டு, ஈரை நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டே பாடுவாள். அந்த மெல்லிசுக் குரல். அதில் ஒரு வித்தையும் கிடையாது. யாரையும் கூப்பிடாது, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற வாய்க்கால் தண்ணீர் மாதிரி. இடையில் பேன் அகப்பட்டால் நிற்கும், "டக்" என்று ஒரு சத்தம், பிறகு விட்ட இடத்திலிருந்து போகும். ஒரு குரலில் எது நம்மை இழுக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கேட்பது அந்த "டக்". என் வாழ்நாளில் நான் கேட்டதிலேயே மிகக் குறைத்து மதிக்கப்பட்ட பாடகி அவள்தான். அவள் குரலைக் குறைத்து மதித்தவன், ஊரில் குறைத்து மதிக்கப்பட்ட பாடகர்களுக்கெல்லாம் ஒற்றை ஆளாக வக்காலத்து வாங்கியவன்.

அதை ஒருநாள் அவனிடம் சொல்லியும் பார்த்தேன். "மைனி பேன் பாக்கும்போது பாடுதத ஒரு தடவை கேளேன்."

"கேட்டிருக்கேன். சுத்தமா இருக்கு. சுத்தமா இருந்து என்னத்துக்கு? வெள்ளையடிச்ச செவரு."

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். மைனியின் அப்பா சீர்த்தட்டோடும் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடும் வந்தார். மைனி துணிகளை மடித்து வைத்திருந்தாள்.

"அனுப்ப முடியாது மாமா" என்றான் அண்ணன்.

"ஒரு மாசந்தான மாப்ளை. மொறை அப்பிடி."

"முடியாது. சீசன் இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு."

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். காது சிவந்தது. ஒரு வாய் காப்பியைக் குடித்துவிட்டு, வெட்கமும் பெருமையுமாகப் பஸ் ஏறிப் போய்விட்டார். தெருவும் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டது. "பொண்டாட்டிய விட்டுட்டு ஆடி மாசங்கூட இருக்க மாட்டாராம்லா! எங்க வீட்டுலயும் இருக்கே ஒண்ணு." மைனி மடித்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் போட்டாள்.

தினமும் காலையில் குற்றாலத்துக்கு முதல் பஸ். பெண்கள் பக்கம் துணைக்கு நான். அண்ணன் குளிக்கமாட்டான், அவனுக்குச் சளி ஆகாது. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, கரையில் துண்டோடு நிற்பான். அருவி பிடரியில் அறையும். பக்கத்தில் குளிக்கிற பெண்கள் கூச்சல் போடுவார்கள், வழுக்கி விழுவார்கள், சிரிப்பார்கள். மைனி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தவள்போல் நிற்பாள். வெளியே வந்து துண்டுக்குக் கையை நீட்டினால் அண்ணன் தரமாட்டான்.

"கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லு. காத்து படட்டும்."

சாரல் காற்று. உதடு நீலமாகும். எண்ணெய் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அண்ணனைப் பார்த்துவிட்டு மைனியிடம் சொன்னாள். "குடுத்துவச்சவ தாயி நீ. துண்டும் கையுமா நிக்காரு பாரு, ராசா மாதிரி." மைனி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளால் சிரிக்க முடியவில்லை, தாடை கிட்டித்துப்போயிருந்தது.

சளி பிடித்தது. காய்ச்சலும் வந்தது. மைனி தண்ணீர் கேட்ட குரலில் அந்தக் கரகரப்பு இருந்தது. "வந்துட்டு!" என்று அண்ணன் கத்தினான். கல்யாணமாகி முதல் தடவையாக அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். அதை நான் பார்த்தேன். அந்தக் கைக்காகத்தான் அடுத்தடுத்த வருஷங்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே ஜவுளிக்கடை வைத்திருந்த அவனுடைய சிநேகிதர் டேப் ரிக்கார்டரோடு வந்துவிட்டார். அண்ணனைப்போலவே தோற்றவர்களைத் தேடுகிற ஆள். போர்வையைப் போர்த்தி மைனியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாடினாள். இருவரும் அவளை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"அண்ணாச்சி, கண்ண மூடுனா அந்த அம்மா எதுக்க வந்து நிக்கா!"

"மேல ஏறும்போது ஒரு தடுக்கல் பாத்தியா? அங்கதான் இருக்கு சங்கதி. சீராப் போற கொரலு யாருக்கு வேணும்? அடிபட்ட கொரலு பொய் சொல்லாது."

"உண்மை அண்ணாச்சி. வலி தெரியணும்."

மைனி இருமினாள். "அதையும் விடாதீய, ஓடட்டும்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

ஒரு வாரத்தில் சளி இறங்கியது. குரல் தெளிந்தது. அண்ணனின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன். அம்மாவும் தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கொரலு வருது, போவுது. வயித்துல ஒண்ணும் வரமாட்டேங்கு." மைனி இளைத்தாள். சீசன் முடிந்த பிறகும் ஒரு வறட்டு இருமல் தங்கியது. பேன் பார்க்கும்போது பாட்டு குறைந்தது. "டக்" மட்டும் கேட்டது.

அருவிக்குக் கடைசியாகப் போன அந்த வருஷம் அவள் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டாள். "இந்த வருசம் வேண்டாங்க. மூச்சு விட்டா நெஞ்சு குத்துது."

"ஒரே ஒரு நாளு. பழைய குத்தாலத்துக்குப் போவோம், கூட்டம் இருக்காது."

கூட்டம் இல்லை. அதனால் அவள் விழுந்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தூக்கி வந்தபோது உடம்பு கொதித்தது. நெஞ்சில் சளி கட்டி, தென்காசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் அண்ணனை வராந்தாவில் நிறுத்திவைத்து, "அருவியில எவன்யா காய்ச்சக்காரிய நிக்க வப்பான்? ஒமக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து மைனி முனகினாள். அந்த முனகலுக்கு அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். கேட்கிறான். அங்கேயும் கேட்கிறான்.

பிழைத்து வந்தாள். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று, தை வந்தது. இருமல் நின்றது, உடம்பு தேறியது. அந்தத் தெளிந்த குரல் மட்டும் திரும்பவில்லை. வெள்ளையடித்த சுவர் உதிர்ந்து உள்ளே இருந்த செங்கல் நின்றது. இனி அருவி வேண்டாம், ஐஸ் வேண்டாம். அண்ணனுக்குக் கொட்டிக் கிடந்தது. புதுக் கேசட் ஒன்று வாங்கினான். சிநேகிதரைக் கூப்பிட்டான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, "ம், பாடு" என்றான்.

மைனி கொஞ்ச நேரம் சுழல்கிற கேசட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாடணும்? ஒங்கள ஈன்ன மகராசியப் பாடவா, ஒங்களப் பாடவா? ஈரத்தலையோட நிக்கவச்சு, துண்டக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் பாத்த மகராசன்லா நீங்க! எங்கப்பா கூட்டிட்டுப் போக வந்தாவளே, வாசல்லயே திருப்பி அனுப்பிச்சியளே. அவுக ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போனாவ, எம் மகளைப் பிரிய மாட்டேங்காருன்னு. எவளோ ஒருத்தி, செத்தாளா கெடக்காளான்னு தெரியாதவளுக்கு இந்த வீட்டுல பூசை நடக்கு. உள்ள கெடந்தவ செத்தாளா கெடக்காளான்னு ஒரு நாளு கேட்டியளா?"

ஜவுளிக்கடைக்காரர் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார். "அண்ணாச்சி, நான் பொறவு வாரேன்."

அண்ணன் கையைக் காட்டினான், உட்கார் என்று. டேப்பை நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்தான்.

"ஒங்களுக்குக் கொரலு வேணும். கொரலுக்குப் பின்னால ஒரு தொண்டை இருக்கு, தொண்டைக்குக் கீழ ஒரு நெஞ்சு இருக்கு, அதுக்குள்ள..."

அங்கே நின்றுவிட்டாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். தொடைமேல் இருந்த அண்ணனின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

மைனி எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அண்ணனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டை இல்லை. சோறு வைப்பாள். கூடக் கொஞ்சம் வேண்டுமா என்று கரண்டியால் கேட்பாள். தண்ணீரைச் செம்போடு எதிரில் வைப்பாள். அவன் வெளியே போனால் வீடு முழுக்க அவள் குரல்தான். அம்மாவிடம் வாதாடும், கீரைக்காரியிடம் பேரம் பேசும், பசுவைக் கொஞ்சும், காக்காயை வையும். அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் நிற்கும், ரேடியோவை அணைத்ததுபோல. ஊர் இதற்கும் ஒரு பெயர் வைத்தது. "மரியாதைன்னா அவகிட்டக் கத்துக்கணும். புருசன் முன்னால வாயத் தொறந்து யாராவது பாத்திருக்கியளா?"

அண்ணனிடம் அந்தக் கேசட் மிச்சம் இருந்தது. தினமும் போட்டுக் கேட்டான். பூசை நடக்கு, செத்தாளா கெடக்காளா, அதுக்குள்ள... அங்கே நிற்கும். திருப்பிப் போடுவான். ஒருநாள் கேசட்டைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டுக் கொல்லைக்கு வந்தான். கிளிகள் கொய்யாப்பழத்தைக் கொத்திப் பாழாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. கிளியை விரட்டுவதற்குக் கயிறு கட்டுவதுபோல, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு டேப்பை உருவி இழுத்துக் கட்டியிருந்தாள். காற்றுக்கு அது பளபளத்துக்கொண்டு அதிர்ந்தது. ம்ம்ம் என்று ஒரு சத்தம். கிளிகள் வரவில்லை. அண்ணன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்பதுகளில் எனக்குச் சிவகிரியில் கல்யாணமாகிவிட்டது. சீசனுக்கு மட்டும் வருவேன். அம்மா போய்விட்டிருந்தாள். அண்ணன் ஆய்க்குடிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மைனி என் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டு பாடினாள். அந்தக் குரலில். மணலும் செம்பும் இல்லை. அந்த உவமையெல்லாம் அண்ணன் வைத்திருந்த தட்டோடு போய்விட்டது. இது வேறு. ஏறும்போது தடுக்கிய இடத்தில் ஒருத்தி நின்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சரி, இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்ததுபோல இருந்தது. என் கை வேலையை விட்டது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அண்ணன் சொன்னது சரி. பழைய தெளிந்த குரலைவிட இது அழகு. அடிபட்ட குரலில்தான் ஏதோ இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அது கிடைப்பதற்காக யாரோ, எங்கேயோ, குடையைப் பிடித்துக்கொண்டு, துண்டைக் கொடுக்காமல் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு பழைய பாட்டிலும் நான் இப்போது அந்தக் குடையைத்தான் தேடுகிறேன். மயங்கிக்கொண்டே தேடுகிறேன்.

அந்த வருஷமே ஒரு காலையில், மைனி கொல்லைக் கதவில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடிக்குப் போனேன். குளியலறைச் சுவருக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். முடி நரைத்திருந்தது. கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான், அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டியில் வைத்ததுபோல. அந்தப் பக்கம், "ஏளா, இது கீரையா கொழையா? ஆட்டுக்குப் போட்டா ஆடு என்னை வையும்" என்று மைனி சொன்னாள். அண்ணனின் உதடு கூடவே அசைந்தது.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வெட்கப்படவில்லை. அதையெல்லாம் தாண்டிப் போயிருந்தான்.

"நீ சொன்னாக் கேப்பா. ஒரு பாட்டுக்கூட வேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லு. வையட்டும், பரவால்ல."

அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன். மைனி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அண்ணன் நிலைப்படிக்கு வெளியே காத்திருந்தான். என் தலையைக் கிட்டே இழுத்து, அவனுக்குக் கேட்காதபடி, காதுக்குள் சொன்னாள். மூச்சு சூடாக இருந்தது.

"பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லு. இப்பயாவது நம்புதாரான்னு பாப்போம்."

நான் வெளியே வந்தேன். "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று அண்ணன் என் வாயையே பார்த்தான். சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டான். பிறகு, "எப்பிடிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லேன்" என்றான்.

எனக்கு அந்தக் குரல் கிடையாது.